அதை அழவைக்காதே, கயல்

சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல் கண்ணு,

நீ வரைந்து அனுப்பிய காமிக்ஸ் பக்கங்கள் வந்து சேர்ந்தன. ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். சாப்பிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பனியன் கம்பெனியின் இரவு ஷிப்டை நீ வரைந்திருக்கிற விதம் எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ட்யூப்லைட் வெளிச்சம், ஓவர்லாக் மெஷினுக்குக் கீழே குவிந்து கிடக்கிற வெட்டுத்துணி, முடிவே இல்லாததுபோல நீள்கிற பவர் டேபிள் வரிசை, அந்த வரிசையின் கடைசியில் தலைகுனிந்து தைத்துக்கொண்டிருக்கிற ஆண்ட்ராய்டு. அதற்குச் செல்வம் என்று பெயர் வைத்தவர்கள் கூட வேலை செய்கிற பெண்கள். கம்பெனிக் கணக்கில் அதற்கு வெறும் நம்பர்தான். இதை வசனம் எதுவுமில்லாமல், பெண்கள் கூப்பிடுவதையும் சுவரில் தொங்குகிற அட்டையையும் காட்டியே சொல்லிவிட்டாய். பத்தொன்பது வயதில் இந்தச் சிக்கனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கடைசிப் பக்கத்தைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். செல்வத்தை உருக்கிவிடலாமா கூடாதா என்று வழக்கு நடக்கிறது. நீதிபதி கேட்கிற எந்தக் கேள்விக்கும் அது பதில் சொல்லவில்லை. பிறகு அதன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்குகிறது. அதற்கு நீ முழுப்பக்கம் கொடுத்திருக்கிறாய். நீதிமன்றமே எழுந்து நிற்கிறது, வழக்கு தள்ளுபடியாகிறது. வரைந்திருப்பது அழகு. ஆனாலும் சொல்கிறேன் கண்ணு, அதை அழவைக்காதே.

இந்த மாதிரிக் கதைகளில் எந்திரத்துக்கு ஒரு பரீட்சை வைப்பது ரொம்பப் பழைய வழக்கம். அழுதால் மனிதன், காதலித்தால் மனிதன், பாட்டெழுதினால் மனிதன், யாருக்காகவாவது செத்தால் நிச்சயம் மனிதன். தேறியதும் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் எந்தப் பரீட்சை எழுதி உள்ளே வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உன் கதை அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதற்கு முன்னால் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலரை உனக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.

முதலில் ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர் ஒசாமு டெசுகா. அவருடைய 'ஆட்டம்' என்ற ரோபோவை நீ கார்ட்டூனாகப் பார்த்திருப்பாய், 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற பெயரில். 1951இல் வேறொரு தொடர்கதையில் ஒரு பாத்திரமாக வந்த சிறுவன் ரோபோ அது. 1952இலிருந்து அவனுக்கென்றே தனித் தொடர், 1968 வரை ஓடியது. கார்ட்டூனில் பறப்பதும் சண்டையும்தான் நினைவில் நிற்கும். கதையின் ஆரம்பமோ ஒரு சாவு. விஞ்ஞானி டென்மாவின் மகன் டோபியோ கார் விபத்தில் இறந்துபோகிறான். துக்கத்தில் மதி கலங்கியவர் மகனைப் போலவே ஒரு ரோபோவைச் செய்கிறார். கொஞ்ச காலம் அதை மகனாகவே வளர்க்கிறார். அப்புறம் ஒருநாள் அவருக்கு உறைக்கிறது, இவன் உயரமாகவே ஆகவில்லை. அதுதான் குற்றம். பிள்ளை வளரவில்லை என்று அதை ஒரு சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். ரோபோக்களை ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை காட்டுகிற சர்க்கஸ் அது. ஒச்சானோமிசு என்ற பெரிய மூக்குப் பேராசிரியர்தான் அவனை அங்கிருந்து மீட்டு வருகிறார்.

ஆட்டம் அப்பாவிடம் தோற்றது எந்தப் பரீட்சையில் என்று பார். அன்பில் இல்லை, அறிவில் இல்லை, உயரத்தில். தோற்றவன் என்று முடிவுகட்டியது யார் என்றும் பார். இத்தனை வருஷமாக இந்தக் கதையை வாசித்தவர்கள் யாரும் ஆட்டத்திடம் 'நீ மனிதனா' என்று கேட்கவில்லை. டென்மாவிடம்தான் கேட்டார்கள்.

டெசுகா மருத்துவம் படித்தவர். ஒசாகாவில் படித்துக்கொண்டே படம் வரைந்தார், பட்டமும் வாங்கினார், தொழிலாகக் காமிக்ஸையே எடுத்துக்கொண்டார். போர் முடிந்து அமெரிக்கப் படைகள் ஜப்பானில் இருந்த நாட்களில், குடிபோதையில் இருந்த சிப்பாய்களிடம் அவர் அடிபட்டிருக்கிறார். அவர்கள் கேட்டது இவருக்குப் புரியவில்லை, இவர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, அடிதான் மிச்சம். ஆட்டத்துக்குள் இருப்பது அந்த அனுபவம் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விஞ்ஞான முன்னேற்றத்தின் செல்லப்பிள்ளையாக ஆட்டத்தைப் பலர் கொண்டாடியதில் அவருக்கு வருத்தம் உண்டு. இரண்டு பக்கமும் சேராத ஒருவன் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் புரியவைக்கப் பாடுபடுவதைத்தான் அவர் வரைந்துகொண்டிருந்தார்.

ஆட்டத்தின் தனித் தொடர் தொடங்கிய அதே 1952இல் இங்கிலாந்தில் 'லயன்' வாரப் பத்திரிகையில் ஆர்ச்சி வந்தான். உனக்கு ஆர்ச்சி யாரென்று தெரியாது. உன் அப்பாவைக் கேள், கண் விரியும். சிவகாசியிலிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபின் அவன் தமிழ் பேச ஆரம்பித்தான். எங்கள் அப்பா, உன் அப்பாரு, திருப்பூர் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிவந்து எங்களுக்குக் கொடுப்பார், கொடுப்பதற்கு முன்னால் அவரும் ஒருமுறை படித்துவிடுவார். ஆர்ச்சியின் தலை முழுக்க இரும்பு. வாயிருக்கும் இடத்தில் கம்பிவலை போல ஏதோ இருக்கும், கண்ணுக்குப் பதில் இரண்டு ஓட்டை. ஒரு கோடு மாறாது அந்த முகத்தில். ஆரம்பத்தில் அவனுக்குப் பேச்சும் கிடையாது, யாரோ தூரத்திலிருந்து இயக்குகிற எந்திரம்தான். பின்னால் பேச்சு வந்தது, பேச்சோடு பெருமையடிப்பதும் வந்தது. அவனுக்கு ரோஷம் வந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும், வாடிப்போனாலும் தெரிந்துவிடும். மாறாத ஒரு முகத்தில் நாங்கள் எப்படி அதையெல்லாம் பார்த்தோம் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது நவோகி உராசாவா என்ற ஜப்பானியரின் 'ப்ளூட்டோ' காமிக்ஸில்.

எட்டுப் புத்தகத்தையும் நாளை பார்சலில் போடுகிறேன். அதனால் கதையை முழுக்கச் சொல்லமாட்டேன். ஆட்டம் 2003 ஏப்ரல் 7 அன்று பிறந்தான் என்று டெசுகா எழுதிவைத்திருந்தார். நிஜத்தில் அந்த வருஷம் வந்தபோது உராசாவா இதைத் தொடங்கினார், 2009இல் முடித்தார். டெசுகா 1964, 65இல் வரைந்த ஓர் ஆட்டம் கதையை எடுத்துத் தன் வழியில் திரும்பச் சொல்கிறார். உலகின் ஏழு பெரிய ரோபோக்களை ஒவ்வொன்றாகத் தேடிவந்து அழிக்கிற இன்னொரு ரோபோவின் கதை. உராசாவா சின்னப் பிள்ளையாக இருந்தபோது படித்து மனதை விட்டுப் போகாத கதை அது. டெசுகாவிடம் கொஞ்ச நேரமே தலைகாட்டுகிற கெசிக்ட் என்ற ஜெர்மன் ரோபோ போலீஸ்காரனை இவர் நாயகனாக்கிவிட்டார். பின்னணியில் பாரசீகம் என்கிற நாட்டின்மேல் நடந்துமுடிந்த ஒரு போர் இருக்கிறது. அந்நாட்டில் பேரழிவு ரோபோக்கள் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லித் தொடங்கிய போர். 2003இல் ஈராக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் புத்தகத்தில் ஓர் இடம் வரும், அங்கே நின்று நிதானமாகப் பார். ராபி என்று ஒரு போலீஸ் ரோபோ, வேலையில் இருக்கும்போது ஒரு மனிதனால் அழிக்கப்படுகிறது. அதன் மனைவியிடம் செய்தி சொல்ல கெசிக்ட் போகிறான். அவளும் ரோபோ, பழைய மாடல், வீட்டுவேலைக்கென்று செய்த உடம்பு. அவள் முகம் வெறும் தகடு. இமையில்லை, உதடில்லை, எதுவும் அசையாது. சொல்கிறான். அவள் உபசாரம் செய்கிறாள். வேண்டுமானால் நினைவுகளைக் கொஞ்சம் அழித்துத் தரலாம் என்கிறான். வேண்டாம், அவர் நினைவு எனக்கு வேண்டும் என்கிற மாதிரி மறுத்துவிடுகிறாள். இத்தனை கட்டங்களிலும் உராசாவா அவள் முகத்தை மாற்றி ஒரு கோடு போடவில்லை. ஆனால் முதல் கட்டத்தில் இருந்த முகமும் கடைசிக் கட்டத்தில் இருக்கிற முகமும் ஒன்றில்லை. நீ பார், உனக்கே தெரியும். மனுஷி ஒருத்தி தலையிலடித்துக்கொண்டு அழுவதை வரைந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஜப்பானியரின் நோ நாடகத்தில் நடிகர்கள் மரமுகமூடி போட்டுக்கொள்வார்கள். முகமூடியைச் சற்றே தாழ்த்தினால் நிழல் விழுந்து துக்கம் தெரியும், நிமிர்த்தினால் முகம் மலரும். உராசாவா அதிலிருந்துதான் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மண்ணில் மாறாத முகத்தைப் படிக்கிற பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. காமிக்ஸ் வாசிக்கிற நாமும் அதைத்தானே செய்கிறோம், கயல். தாளில் இருப்பது நாலு கோடு. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் நடப்பதையெல்லாம் நாம்தான் நடத்துகிறோம். சினிமாவில் நடிகை செய்து காட்டிவிடுவாள், நாவலில் எழுதுகிறவர் மனதுக்குள் போய்ச் சொல்லிவிடுவார். காமிக்ஸில் உயிரை நாமே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டுக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது என்று நான் நினைப்பது அதனால்தான். கண்ணீரை நீயே வரைந்து கொடுத்துவிட்டால் வாசகரின் வேலையை நீ பறித்துக்கொள்கிறாய்.

அதே முதல் புத்தகத்தில் நார்த் 2ஆம் எண் என்ற ரோபோ வரும். போருக்காகச் செய்யப்பட்டவன், போர்வைக்குள் ஆறு கைகள், ஆறும் ஆயுதம். போர் முடிந்ததும் ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கோட்டையில், கண்பார்வை இழந்த இசையமைப்பாளர் ஒருவருக்குப் பணிவிடை செய்யப் போகிறான். அவனுக்கு பியானோ கற்றுக்கொள்ள ஆசை. கிழவருக்கு எந்திரம் என்றாலே ஆகாது, எந்திரத்துக்கு எதற்கு இசை என்று விரட்டுகிறார். திட்டு வாங்கிக்கொண்டே அவன் தினமும் கேட்கிறான், தினமும் பரிமாறுகிறான், ராத்திரி அவர் தூக்கத்தில் முனகுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவர் அவனை ஏற்றுக்கொள்கிற நேரம் வரும்போது, அவன் முகத்தைப் பார்த்து ஏற்கவில்லை என்பது உனக்குப் புரியும். அவரால் பார்க்கவே முடியாதே. கூட இருந்த நாட்கள்தான் அவருக்குச் சாட்சி. முடிவை நான் சொல்லமாட்டேன்.

'ப்ளூட்டோவில் ஆட்டம் அழுகிறானே அத்தை' என்று நீ கேட்கத்தான் போகிறாய். அழுகிறான். கெசிக்ட் தன் நினைவுச் சில்லை அவனிடம் கொடுக்கிறான், அதிலிருக்கிற வேதனையெல்லாம் ஆட்டத்துக்குள் இறங்குகிறது. ஒரு நிமிஷம் என்று சொல்லி எழுந்து கழிப்பறைக்குப் போய், யாரும் இல்லாத இடத்தில் அழுதுவிட்டு வருகிறான். நீதிபதிக்குக் காட்ட அழவில்லை. அது எந்த வழக்கையும் ஜெயித்துக் கொடுக்கவில்லை. கண்ணீர் கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணீரைச் சான்றிதழாக நீட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி டெசுகாவின் இன்னொரு படைப்பு. 'பீனிக்ஸ்' என்று அவர் வாழ்நாளெல்லாம் வரைந்து முடிக்காமலேயே போன பெரிய வரிசையில், 1970, 71இல் வந்த 'உயிர்த்தெழுதல்' பாகம். பறக்கும் காரிலிருந்து விழுந்து செத்துப்போன லியோனா என்ற இளைஞனை, மூளையின் பெரும்பகுதியைச் செயற்கையாகப் பொருத்திப் பிழைக்கவைக்கிறார்கள். கண் திறக்கிறான். மனிதர்கள் எல்லோரும் அவனுக்கு மண்ணும் சரளையும் குழைத்த உருண்டைகளாகத் தெரிகிறார்கள். பெற்றவர்கள், மருத்துவர், தெருவில் போகிறவர்கள் எல்லோருமே. பிறகு ஒருநாள் கூட்டத்தில் அழகான ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவள்மேல் காதலாகிறது. அவள் சிஹிரோ, ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிற ரோபோ. வாசகரான நமக்கு அவள் ஓர் உலோகப் பொம்மை, அவனுக்கு மட்டும் பெண். ஒரே காட்சியை டெசுகா நம் கண்ணாலும் அவன் கண்ணாலும் மாற்றி மாற்றி வரைகிறார். பைத்தியம் பிடித்தது யாருக்கு என்று சில பக்கங்களுக்குப் பிறகு நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

லியோனாவின் மனமும் சிஹிரோவின் மனமும் கடைசியில் ஒன்றாகி ராபிட்டா என்ற ரோபோவாகிறது. பார்க்க லட்சணமே கிடையாது, காலும் இல்லை. பிள்ளைகள் அதன்மேல் உயிரையே வைக்கிறார்கள். நகலெடுத்து நகலெடுத்து வீடுதோறும் ராபிட்டா வந்துவிடுகிறது. தலைமுறைகள் கழித்து, அதனோடு ஒட்டிக்கிடந்த ஒரு சிறுவனின் சாவுக்கு அதைப் பொறுப்பாக்கி ஒரு ராபிட்டாவை உருக்கத் தீர்ப்பாகிறது. உடனே மற்ற ராபிட்டாக்களும் வேலையைப் போட்டுவிட்டு வரிசையாகப் போய் உலையில் விழுகின்றன. உன் கதையிலும் உருக்குகிற தீர்ப்பு இருப்பதால் இதை நீ கட்டாயம் படிக்க வேண்டும். டெசுகா வரைந்ததில் நம்பர் ஒன் இதுதான் என்பேன். ஆட்டத்தைவிட ஒரு படி மேலே வைப்பேன், யார் சண்டைக்கு வந்தாலும் சரி.

யார் கண்ணுக்கு யார் எப்படித் தெரிகிறார்கள் என்கிற இதே விஷயத்தை அமெரிக்காவில் ஏழெட்டுப் பக்கத்தில் சொன்ன ஒரு கதை உண்டு. 1953இல் இ.சி. காமிக்ஸ் வெளியிட்ட 'வியர்ட் ஃபேன்டஸி' இதழில் வந்த 'தீர்ப்பு நாள்'. ஆல் ஃபெல்ட்ஸ்டீன் எழுதினார், ஜோ ஆர்லாண்டோ வரைந்தார். ரோபோக்கள் மட்டும் வாழ்கிற ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து டார்ல்டன் என்ற ஆய்வாளர் வருகிறார். விண்மீன் கூட்டமைப்பில் அவர்களைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர். ஆரஞ்சு ரோபோக்கள் பெருமையாகச் சுற்றிக் காட்டுகின்றன. நீல ரோபோக்களைக் காணோமே என்கிறார் டார்ல்டன். அவை ஊரின் வேறு பக்கம். பஸ்ஸில் பின்னால்தான் அவற்றுக்கு இடம். தொழிற்சாலையில் போய்ப் பார்க்கிறார். இரண்டுக்கும் உள்ளே ஒரே உறுப்பு, ஒரே கம்பி, மேலே மூடுகிற தகட்டின் நிறமும் அதற்குப் பிறகு கொடுக்கிற படிப்பும்தான் வேறு. உங்களைச் சேர்க்க முடியாது, இன்னும் காலம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பின மனிதர்.

அமெரிக்கப் பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954இல்தான். 1956இல் இந்தக் கதையை மறுபதிப்பு செய்யப் போனபோது, காமிக்ஸ் தணிக்கைக் குழுவின் தலைவர் அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். அவர் கறுப்பராக இல்லாவிட்டால் கதையே இல்லை. பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் விடாப்பிடியாக நின்று அப்படியே அச்சிட்டார். இ.சி. போட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுவாகிவிட்டது. பிறகு அவர்கள் 'மேட்' பத்திரிகையோடு நின்றுகொண்டார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் டார்ல்டன் அழவில்லை, பேசவும் இல்லை. முகம் வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் வந்த பக்கங்கள் முழுவதையும் வாசகர் திரும்பப் போய்ப் பார்த்தாக வேண்டும், இத்தனை நேரமும் கவசத்துக்குள் யாரை வைத்துக்கொண்டு தான் படித்தோம் என்று.

மார்வெலின் 'விஷன்' பன்னிரண்டு இதழ்த் தொடரைப் பற்றி (2015, 16, டாம் கிங் எழுதியது) உன் காலேஜ் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். நல்ல தொடர்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று தனக்கொரு குடும்பத்தைச் செய்துகொண்டு புறநகர் வீட்டில் குடியேறுகிற ஓர் ஆண்ட்ராய்டின் கதை. அக்கம்பக்கத்தார்போல இருக்க முயன்றே அந்தக் குடும்பம் நாசமாகிறது. ப்ளூட்டோ அளவுக்கு அது என்னை அசைக்கவில்லை. நேரமிருந்தால் படி.

இப்போது இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். நீ அப்பாருவோடு ஒரே வீட்டில் இருக்கிறவள், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வந்திருக்கிற பார்க்கின்சன் நோயை மக்கள் கை நடுக்கமாக மட்டும்தான் அறிவார்கள். மூளையில் டோபமைன் சுரக்கிற செல்கள் குறைந்துகொண்டே போவதால் வருகிற நோய் அது. அசைவு முழுவதுமே மெதுவாகிவிடும். எழுத்து சிறுத்துப்போகும், அப்பாருவின் கணக்கு நோட்டைத் திருப்பிப் பார், வருஷத்துக்கு வருஷம் எழுத்து எறும்பாகிக்கொண்டே வந்திருக்கும். குரல் தாழ்ந்துவிடும். முகத்துத் தசையும் இறுகிவிடும். இமைப்பதுகூடக் குறைந்துபோகும். சந்தோஷமும் கோபமும் உள்ளே வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கும், முகத்துக்கு வந்து சேராது. மருத்துவர்கள் இதையே முகமூடி போட்ட முகம் என்பார்கள்.

போன தடவை நான் வந்திருந்தபோது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்களே சொந்தக்காரர்கள், நீ காபி கொண்டுவந்து கொடுத்தாய். அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, பெரியவருக்கு இப்போ ஒண்ணும் விளங்கறதில்லையோ என்று என்னிடம் கேட்டார்கள். தோட்டம் விற்ற கதை, மாப்பிள்ளை வீட்டுக் கதை எல்லாம் அவர் தலைக்கு மேலேயே பேசினார்கள். அவர்கள் போய் ரொம்ப நேரம் கழித்து அப்பாரு என்னைக் கூப்பிட்டு, காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்கிற குரலில், ஏக்கருக்கு அவர்கள் சொன்ன விலை பொய் என்றார். எந்த ஆண்டு கிரயம், எவ்வளவுக்கு முடிந்தது, யார் சாட்சிக் கையெழுத்து என்று வரிசையாகச் சொன்னார். சொல்லும்போது அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் அவருக்குக் கோபம், கயல். எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும்.

உன் கடைசிப் பக்கத்து நீதிமன்றத்தில் அப்பாருவைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் தேறமாட்டார். இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிராக, தேறிவிடுகிறவையும் இருக்கின்றன. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்று ஒரு நிரலை எழுதினார். நாம் தட்டச்சு செய்வதையே கொஞ்சம் திருப்பிப்போட்டுக் கேள்வியாகக் கேட்கும், மனநல மருத்துவர் கேட்பதுபோல. அதற்குள் புரிதல் என்று எதுவும் கிடையாது. அதை உருவாக்கிக்கொண்டிருந்ததைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், எலிசாவோடு பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டாராம். வைசன்பாம் இதைப் பார்த்துக் கலங்கினார், கடைசிவரை இதை எச்சரித்து எழுதினார். இன்றைக்கு உன் போனிலேயே 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று எழுதிக்காட்டுகிற நிரல்கள் இருக்கின்றன. நாலு கோட்டுக்கு உயிர் கொடுக்கிற நம் மனசு அதற்கும் கொடுத்துவிடும். இதை வைத்து யார் வேண்டுமானாலும் நம்மை ஏமாற்றலாம். கண்ணீர்தான் அத்தாட்சி என்று ஊர் ஒத்துக்கொண்டால், நாளைக்கு நல்ல கண்ணீர் செய்யத் தெரிந்த கம்பெனி ஜெயிக்கும். உள்ளே எல்லாம் இருந்தும் முகம் அசையாதவர் தோற்பார். வெளியே தெரிகிற ஓர் அடையாளத்தை வைத்து உள்ளே இருப்பதைத் தீர்மானிக்கிற வழக்கு எதுவானாலும் இப்படித்தான் முடியும்.

அப்படியானால் செல்வம் மனிதனா இல்லையா என்று வாசகருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். தெரிய வேண்டாமே. ராபியின் மனைவிக்குள் என்ன இருக்கிறது என்று உராசாவா எங்கேயும் அடித்துச் சொல்லவில்லை. நீ செய்ய வேண்டியதெல்லாம் செல்வத்தின் முகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி வைத்திருப்பது. இது அழுகிற முகத்தை வரைவதைவிடக் கஷ்டம். சுற்றி இருப்பதை மாற்று. யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள், யார் அதன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள், யார் அதன் தலைக்கு மேலே பேசுகிறார்கள், விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது. நீதிபதி முகத்துக்குக் கொடுத்திருக்கிற அந்த மூன்று கட்டமும் அருமை, அதைத் தொடாதே. முழுப்பக்கக் கண்ணீரை எடுத்துவிட்டு அங்கே கம்பெனி வக்கீலைக் கொஞ்சம் பேசவிடு. செல்வம் மனிதன் என்று ஆகிவிட்டால் கூலி கொடுக்க வேண்டும், ஷிப்ட் நேரம் பார்க்க வேண்டும். அதை மெஷின் என்று சொல்வதில் யாருக்கு எவ்வளவு லாபம் என்று வாசகருக்குத் தெரியட்டும். நீலத் தகடு போட்ட ரோபோவைப் பஸ்ஸின் பின்னால் உட்காரவைத்ததிலும் யாருக்கோ வசதி இருந்தது.

ஒன்று கேட்கவேண்டும். மூன்றாம் பக்கத்தில் செல்வத்துக்குப் பக்கத்தில் ஒரு கைமடி அம்மா உட்கார்ந்திருக்கிறார். மூக்குத்தி, சேலைமேல் போட்டுக்கொண்ட சட்டை, மடியில் டிபன் டப்பா. ஷிப்ட் முழுக்க அது தைத்துப் போடுவதை எடுத்து மடிக்கிறவர் அவர்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் செல்வத்திடம் ஏதோ பேசுகிற மாதிரி வரைந்திருக்கிறாய், வசனம் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் கதையில் வரவே இல்லை. அத்தனை ராத்திரி அதனோடு கூட இருந்தவர் அவர் ஒருத்தர்தானே, கோர்ட்டில் அவரை ஏன் ஒருத்தரும் கூப்பிடவில்லை? அவர் என்ன பேசினார் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கங்களை முதலில் வரைந்து அனுப்பு. பார்சல் வந்ததும் போன் பண்ணு, அப்பாருவிடமும் கொடு, நான் பேச வேண்டும்.

அன்புடன்,
அத்தை